ஒரே மீனை நான்கு முறை காப்பாற்றியவருக்கு

நீரின் நெடுவழியில் நின்றவரே, நிலை தடுமாறிய மீனுக்கு நிழலாய் இருந்தவரே, முப்பத்து மூன்று ஆண்டுகள் முழங்கால் சேற்றில் மூழ்கியும் முகம் சுளிக்காதவரே, வலையை வைதவரே, வாளியை வாழ்த்தியவரே, எங்கள் மீன் மீட்புப் பிரிவின் மூத்த களப்பணியாளரே, உறவும் ஊழியரும் உயரதிகாரிகளும் ஒரே குரலில் 'தொட்டியம்மா' என்றழைக்கும் அம்மையீர்! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், தங்களோடு சேறு மிதித்த நாங்கள் ஆறு பேரும், மிதிக்காமல் மேசையில் அமர்ந்தபடி படிவம் நிரப்பிய இருவரும், அன்போடும் சற்றே அச்சத்தோடும் படித்தளிக்கும் மடல் இது.

அச்சம் எதற்கு என்பதைச் சபையோருக்குச் சொல்லிவிட வேண்டும். பதினைந்து நாட்களுக்கு முன் இம்மடலின் முதல் பிரதி அலுவலக மேசையில் திறந்தபடி கிடந்தது. அதில் 'அழியவிருந்த மீனினத்தைக் காத்தருளிய அன்னையே' என்று ஒரு வரி. மறுநாள் காலை வந்து பார்த்தால் 'காத்தருளிய' என்பதன் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில், 'இன்னும் தெரியாது.' 'அன்னையே' மீதும் ஒரு கோடு இருந்தது. அதற்குக் காரணம் எழுதவில்லை. அன்று மாலை எழுத்தரின் மேசைக்கு வந்து நின்று, கோடு போட்ட தாங்களே சொன்னீர்கள்:

"முகத்துக்கு நேரா புகழ்ந்தீங்கன்னா தண்ணி குடிக்கப் போற மாதிரி எழுந்து போயிடுவேன். பொய் இருந்துச்சுன்னா போகமாட்டேன். அங்கயே நிறுத்தித் திருத்துவேன்."

ஆகவே நாங்கள் ஒரு வழி கண்டோம். இனி வருவதில் 'தாங்கள்' இல்லை, 'அவர்' தான். வேறு யாரையோ பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்து, மேடையில் உள்ள நாற்காலியிலேயே அவர் அமர்ந்திருக்கலாம். இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட ஒப்புக்கொண்டவர், ஒரு பக்கத்துக்கு மேல் போனால் சட்டத்தில் அடங்காது என்று சொல்லியிருந்தார். அவரிடம் இரண்டாவது சட்டத்துக்கும் சொல்லிவிட்டோம்.

சபையில் எங்கள் தொழில் என்னவென்று அறியாதவர்களும் இருப்பீர்கள். ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை. அதில் ஒன்பது ஷட்டர்கள். அவற்றை அடைத்தால் தண்ணீர் முழுவதும் பக்கவாட்டில் உள்ள பெரிய வாய்க்காலுக்குள் திரும்பி, வயல்களுக்கும் நகரத்துக் குழாய்களுக்கும் போகும். தண்ணீருக்குப் போகுமிடம் தெரியும், மீனுக்குத் தெரியாது. தண்ணீரோடு மீனும் வாய்க்காலுக்குள் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை பழுது பார்ப்பதற்காக வாய்க்காலை வடிப்பார்கள். அப்போது உள்ளே போன மீன்கள் ஆங்காங்கே குட்டைகளில் சிக்கித் துள்ளும். அவை சாவதற்குள் மூன்று நாட்களில் பிடித்து, காற்றுக்குழாய் பொருத்திய தொட்டி லாரியில் ஏற்றி, ஆற்றில் கொண்டுபோய் விடுவது எங்கள் பிரிவின் வேலை. எல்லா மீனையும் எடுப்போம் என்றாலும், எங்கள் பிரிவு பிறந்ததே வரிக்கெண்டைக்காக. முதுகில் ஐந்து கரும்பட்டைகள் போட்ட, முழங்கை நீளம் வளரும் அந்த மீன் இந்த ஆற்றைவிட்டால் வேறெங்கும் இல்லை.

இந்தப் பிரிவில் அவர் சேர்ந்தபோது கையில் ஒரு நைலான் வலையும் ஒரு தகர வாளியும் கொடுத்தார்கள். முதல் நாள் மதியத்துக்குள் வலையின் மேல் அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது. வலையின் முடிச்சு மீனின் செதிலை உரித்துவிடுகிறது, உரிந்த மீன் நாலு நாளில் பூசணம் பிடித்துச் சாகிறது என்பதைப் பார்த்துவிட்டு, தான் போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றி அதில் தண்ணீரோடு மீனை அள்ளினார். அன்றைக்கு மழை பெய்தது. அவர் நனைந்ததைப் பற்றி அலுவலகக் குறிப்பேட்டில் எதுவும் இல்லை.

அவருடைய கணவர் தையற்காரர். மழைக்கோட்டின் கதியைப் பார்த்த அவர் அடுத்த வாரமே அதே துணியில் கைப்பிடி வைத்து நாலு பைகள் தைத்துக் கொடுத்தார். அன்று தொடங்கி எங்கள் பிரிவின் பைகள் அத்தனையும் அவர் மிதித்த மிஷினில் பிறந்தவை. கிழிந்ததைத் தைக்க வீட்டுக்குக் கொண்டுபோனால், கடைக்குச் சட்டை தைக்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாடிக்கையாளர், கல்யாணத்துக்குப் போட வேண்டிய சட்டையில் மீன் வாடை வருகிறது என்று சண்டைக்கே வந்துவிட்டார். தையற்காரர் அசரவில்லை. "துவைச்சா போயிடும் சார். எங்க வீட்டுல எனக்கு அந்த வசதிகூட இல்ல," என்றாராம். அவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார், மறுக்கமாட்டார்.

பணிக்கு வந்த மூன்றாம் ஆண்டு, மீட்ட மீனை எங்கே விடுவது என்று ஒரு கேள்வி வந்தது. அணைக்குக் கீழே விடலாம் என்றால் அங்கே தண்ணீரே கிடையாது. ஷட்டர்கள் அடைபட்ட மாதங்களில் அது வெறும் கூழாங்கல் காடு. அணைக்கு மேலே இரண்டு கிலோமீட்டரில் ஒரு பாலம் இருந்தது. ஆழமான தண்ணீர், லாரி திரும்ப இடம், சரிவான கரை. மேல்பாலமே சரி என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டவர் தொட்டியம்மா. இதை நாங்கள் மழுப்பாமல் எழுதுவதற்குக் காரணம், மழுப்பினால் அவர் இப்போதே எழுந்து திருத்துவார் என்பதுதான்.

அலுவலக வாசலில் ஒரு பலகை உண்டு. 'இதுவரை மீட்கப்பட்ட வரிக்கெண்டைகள்' என்று எழுதி, கீழே எண். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக மீட்டதைப் பழைய எண்ணோடு கூட்டிப் பெயிண்டர் எழுதிவிட்டுப் போவார். கூட்டிக்கொண்டே போனால் எந்த எண்ணும் வளரத்தான் செய்யும். பலகையும் வளர்ந்தது. ஐயாயிரம் ஆயிற்று, பத்தாயிரம் ஆயிற்று, கேடயம் வந்தது, கேடயத்தோடு எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

இருபத்திரண்டாம் ஆண்டில், விட்ட மீன் பிழைக்கிறதா என்று பார்க்கத் தொட்டியம்மா ஓர் அடையாளம் வைக்கத் தொடங்கினார். சின்னக் கத்தரியால் துடுப்பின் ஓரத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு வெட்டு. வெட்டிய இடம் வளர்ந்துவிடும், ஆனால் வடு தெரியும். முதல் ஆண்டு வாலின் மேல்முனை, அடுத்த ஆண்டு கீழ்முனை, மூன்றாம் ஆண்டு வயிற்றின் இடப்பக்கத் துடுப்பு.

அடுத்தடுத்த ஆண்டுகளில் வெட்டுப்பட்ட மீன்கள் பையில் வரத் தொடங்கின. அவருக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு மீனையும் பார்த்து, "அட, வந்துட்டியா, நல்லா இருக்கியா," என்று விசாரிப்பார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். விட்ட மீன் பிழைத்திருக்கிறது என்றால் எங்கள் கை நல்ல கை என்றுதானே பொருள். படிவத்தில் 'மறுபிடி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அந்த எண்ணிக்கையை அழகாக எழுதி, அதையும் சேர்த்துத்தான் மொத்தம் போட்டோம். மேசையில் இருந்த இருவர் கூட்டல் சரியா என்று இரண்டு முறை சரிபார்த்தோம். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

இருபத்தைந்தாம் ஆண்டு, வாய்க்கால் வடித்த இரண்டாம் நாள், மூன்றாவது மடைக்கு அடியில் உள்ள குட்டையிலிருந்து தொட்டியம்மா ஒரு பெரிய வரிக்கெண்டையை அள்ளினார். வழக்கம்போல "வந்துட்டியா" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். வாலின் மேல்முனையில் வெட்டு. கீழ்முனையில் வெட்டு. வயிற்றுத் துடுப்பிலும் வெட்டு. மூன்று ஆண்டும் காப்பாற்றிய மீன், நான்காம் முறையாக அதே வாய்க்காலில், அவர் கையில்.

பையைத் தண்ணீரில் தொங்கவிட்டுக் கரையில் உட்கார்ந்தார். அதுவரை அள்ளிய நாற்பதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முப்பத்தைந்தில் வெட்டு. தொட்டியின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்த லாரி டிரைவர், நிலைமை தெரியாமல் சொன்னார்:

"எல்லாம் நம்ம வண்டியில ஏறினதுங்கதான் போல. பேசாம சீசன் டிக்கெட் குடுத்துடலாம்மா."

எல்லோரும் சிரித்தோம். தொட்டியம்மா சிரிக்கவில்லை. "டிரைவரே, மேல்பாலத்துல விட்டா இதுங்க எங்க போகும்?" என்று கேட்டார்.

"தண்ணி போற பக்கம் போகும்."

"தண்ணி எங்க போகுது?"

டிரைவர் அணைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் அணைக்கு வந்து, அடைத்த ஷட்டரில் முட்டி, வாய்க்காலுக்குள்தான் போகிறது. நாங்கள் மேல்பாலத்தில் விட்ட மீன் அந்த ஆண்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் இறங்கி மறுபடியும் வாய்க்காலுக்குள் வந்து, அடுத்த வடிப்புக்குக் காத்திருக்கிறது. நாங்கள் வருகிறோம், அள்ளுகிறோம், கொண்டுபோய் விடுகிறோம், பலகையில் எழுதுகிறோம். கேடயத்தில் உள்ள மீன்களில் பாதிக்குமேல் ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்தவை.

அந்த மூன்று நாட்களில் பிடித்த தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் எழுநூற்றெண்பதில் வெட்டு இருந்தது. அதைவிட மோசமான ஒன்றையும் அவர் கவனித்தார். ஒரு மீன்கூடச் சிறியது இல்லை. அத்தனையும் கிழடுகள். வரிக்கெண்டை முட்டையிடுவது கூழாங்கல்லில். நல்ல கூழாங்கல் இருப்பது அணைக்குக் கீழே. அங்கேதான் தண்ணீர் கிடையாதே. பலகையில் இருபத்தோராயிரம் என்று எழுதியிருந்தது. அவர் போட்ட கணக்கில் உண்மையில் கைக்கு வந்த மீன்கள் மூவாயிரத்தைத் தாண்டாது, இன்று உயிரோடு இருப்பவை ஆயிரத்தை எட்டாது, அவற்றுக்குப் பிள்ளை குட்டி இல்லை.

அப்போதைய இயக்குநர் நல்லவர்; ஆனால் கேடயம் அவர் அறையில்தான் இருந்தது. தொட்டியம்மா ஈர பூட்ஸோடு அந்த அறையில் நின்று கணக்கைச் சொன்னார். இயக்குநர் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்:

"பலகையில எழுதியாச்சு. பரிசு வாங்கியாச்சு. இப்பப் போய் எல்லாம் ஒரே மீனுன்னு சொன்னா ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும் சார். சிரிச்சு முடிச்சதும் கணக்கைப் பார்ப்பாங்கல்ல."

"இடத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கதான்னு ஃபைல்ல இருக்கு."

"அதையும் சேர்த்துத்தான் சொல்லப் போறேன்."

அவசரம் ஏன் என்றால், அடுத்த மாதம் ஆற்றுநீர்க் குழு கூட இருந்தது. அணைக்குக் கீழே ஆற்றில் கொஞ்சமாவது தண்ணீர் விடவேண்டுமா என்பதுதான் அன்றைய விவாதம். வேண்டாம் என்று வாதாட வந்த வாய்க்கால் நிர்வாகத்தின் கையில் இருந்த பெரிய ஆதாரம் எங்கள் பலகை. இருபத்தோராயிரம் மீனை ஆற்றில் விட்டிருக்கிறார்கள், ஆறு நிறைய மீன், தண்ணீர் எதற்கு என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்ல வாயில்லை. தொட்டியம்மா பேசாமல் இருந்தால் கேடயம் மிஞ்சும், மீன் மிஞ்சாது.

குழுவின் கூட்டத்தில் மைக் அவர் உயரத்துக்கு இறங்கவில்லை. மைக் இல்லாமலே பேசினார். இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான், கையெழுத்து என்னுடையது, பலகை தப்பு என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டுப் படிவங்களை மேசையில் வைத்தார். வாய்க்கால் பாசனக்காரர்களின் பிரதிநிதி, வயதானவர், உண்மையாகவே புரியாமல் கேட்டார்:

"அப்ப இருபத்திரண்டு வருஷமா என்னதாம்மா செஞ்சீங்க?"

"ஒரே மீனைத் தூக்கித் தூக்கி விட்டோங்க."

கூடம் குலுங்கிச் சிரித்தது. எங்களுக்குத் தலையைத் தொங்கப் போடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அவர் மட்டும் சிரிப்பு அடங்கும்வரை நின்று, அடங்கியதும், "அந்த மீனுக்கு வயசாயிடுச்சுங்க. அதுக்குப் பிறகு இல்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பத்திரிகையில் கேலிப்படம் வந்தது. ஒரு குண்டுப் பெண்மணி பேருந்தில் மீனை ஏற்றிக்கொண்டு நடத்துனரிடம் டிக்கெட் கேட்கிறார். அலுவலகத்தில் ஒரு மெமோவும் வந்தது. வரவேண்டியிருந்த பதவி உயர்வு வரவில்லை. அந்தப் பதவி அவருக்குப் பிறகு சேர்ந்தவருக்குப் போயிற்று. அப்படி மேற்பார்வையாளரானவரும் இம்மடலில் கையெழுத்திட்டிருக்கிறார்; இந்த வரியை எழுதச் சொன்னவரும் அவர்தான். வீட்டில் தையற்காரர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீ சொன்னது சரி. ஆனா இவன் உன் மூக்கைச் சரியா போடல. இடுப்பளவும் தப்பு," என்றார். தொட்டியம்மா அன்றுதான் அழுதார் என்று எங்களுக்குத் தெரியும். தையற்காரருக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

குழு முடிவெடுக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. வேலை முடிய இன்னொன்று. அந்த மூன்று ஆண்டும் நாங்கள் வாய்க்காலில் அள்ளிய மீனை மேல்பாலத்திலேயே விட்டோம். திரும்பி வரும் என்று தெரிந்தே விட்டோம். விடுவதற்கு வேறு இடம் இல்லை. ஒவ்வொரு பையையும் கவிழ்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். "வந்துட்டியா" என்று அவர் அதன்பின் எந்த மீனையும் கேட்டதில்லை.

இருபத்தெட்டாம் ஆண்டு உத்தரவு நடப்புக்கு வந்தது. ஒன்பது ஷட்டர்களில் ஒன்று எந்நாளும் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். வாய்க்காலின் வாயில் மீன் நுழையாதபடி கம்பிச் சல்லடை வைக்க வேண்டும். இரண்டையும் கேட்டு முதலில் கொதித்தவர், அணையின் ஷட்டர்களை ஏற்றி இறக்கும் மதகுக்காரர். "முப்பது வருஷமா ஒரு சொட்டு ஒழுகாம அடைச்சவன் நான். இப்ப ஒழுகவிடச் சொல்றீங்க. என் தொழிலுக்கே கேவலம்," என்றார். தொட்டியம்மா வாதாடவில்லை. சல்லடையில் பாசியும் குப்பையும் அடைத்தால் வாய்க்காலுக்குத் தண்ணீர் குறையும், பழி மதகுக்காரர் தலையில் விழும் என்பதால், தினமும் காலையில் தானே வந்து நீளத் துடைப்பத்தால் சல்லடையைத் தேய்த்தார். நாற்பது நாள் பார்த்துக்கொண்டிருந்த மதகுக்காரர் நாற்பத்தோராம் நாள் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார். "நீங்க தேய்க்கிற அழகைப் பார்க்கச் சகிக்கல," என்பது அவர் சொன்ன காரணம்.

அதன்பின் வாய்க்காலில் அள்ளிய மீனை அணைக்குக் கீழே, ஓடத் தொடங்கியிருந்த ஆற்றில் விட்டோம். பலகையைத் தொட்டியம்மா கழற்றச் சொன்னார். அதற்குப் பதில் அவ்வாண்டு வாய்க்காலில் சிக்கிய வரிக்கெண்டை எத்தனை என்று மட்டும் ஒரு சிலேட்டில் எழுதினார். முந்நூற்றுப் பத்து. அடுத்த ஆண்டு தொண்ணூற்று நான்கு. பிறகு நாற்பது. பிறகு பன்னிரண்டு. பிறகு மூன்று. புதிதாக வந்த அதிகாரி ஒருவர், உங்கள் பிரிவின் சாதனை சரிகிறதே என்று வருத்தப்பட்டார். சரியத்தான் வேண்டும் என்று விளக்கிச் சொல்ல எங்களுக்கு ஒரு முழு மதியம் ஆயிற்று.

இந்த ஆண்டு வாய்க்காலை வடித்தார்கள். மூன்று நாள், பதினேழு குட்டைகள், எல்லாப் பைகளும் ஈரம். வரிக்கெண்டை ஒன்றுகூட இல்லை.

நாங்கள் கைதட்டினோம். டிரைவர் லாரியின் ஹாரனை அடித்தார். பணி நிறைவுக்குப் பதினொரு வாரம் இருக்கையில் இதைவிட நல்ல வழியனுப்பு ஏது என்று பேசிக்கொண்டோம். தொட்டியம்மா கடைசிக் குட்டையில் நின்றபடி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"உள்ள வரலைன்னா நல்லது. உள்ள வர்றதுக்கு ஒன்னும் மிச்சமில்லைன்னா?"

யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. அணைக்குக் கீழே விட்ட மீன்களுக்கு முதலிலேயே வயதாகியிருந்தது. மூன்று ஆண்டுகளாகக் கீழாற்றில் குஞ்சு இருக்கிறதா என்று தேடியிருக்கிறோம். வேறு மீன்கள் கிடைத்தன, வரிக்கெண்டைக் குஞ்சு கிடைக்கவில்லை. கிழடுகள் செத்து, குஞ்சும் பிறக்காமல் போயிருந்தால், வாய்க்கால் இப்படித்தான் காலியாக இருக்கும். வென்றாலும் தோற்றாலும் சிலேட்டில் எழுதவேண்டியது ஒரே எண். அவர் அதை எழுதாமலே வைத்திருந்தார்.

மிச்சமிருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டில் ஓய்வெடுங்கள் என்று அலுவலகம் சொன்னது. அவர் பையை எடுத்துக்கொண்டு கீழாற்றுக்கு நடந்தார். வாரத்தில் ஐந்து நாள், மதகடியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், இடுப்பளவுத் தண்ணீரில் கல் கல்லாகப் பார்த்தார். நாங்கள் முறை வைத்துக் கூடப் போனோம். ஒரு வாரம் தண்ணீர் கலங்கலாக இருந்தது. ஒரு வாரம் அவருக்கு முழங்கால் வீங்கி, தையற்காரர் கரையில் குடையோடு உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை "போதும் வா" என்று கூப்பிட்டார். பத்து வாரத்தில் கிடைத்தவை இரண்டே இரண்டு கிழட்டு வரிக்கெண்டைகள். எங்களில் ஒருவர், போனது போகட்டும், உங்களால் ஆனதைச் செய்துவிட்டீர்கள் என்று ஆறுதல் சொன்னார். "என்னால ஆனதுலதான் இருபத்திரண்டு வருஷம் தப்பா போச்சு," என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீருக்குள் இறங்கினார். அன்றைக்கு அவருக்காக எங்களுக்கு நெஞ்சு வலித்தது. இதை மேடையில் சொல்லவேண்டாம் என்று முதலில் நினைத்தோம். பிறகு, உண்மைதானே, இருக்கட்டும் என்று விட்டோம்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பணியில் நான்கு நாள் மிச்சமிருக்கையில், மதகுக்காரரும் டிரைவரும் கூடப் போயிருந்தார்கள். ஆறாவது கிலோமீட்டரில், பழைய ஓடத்துறைக்கு எதிரே, தண்ணீர் கணுக்காலளவு வழியும் ஒரு கூழாங்கல் திட்டு. அங்கே அவர் பையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, கல்லிடுக்கில் இருப்பவற்றைப் பைக்குள் விரட்டியபடி டிரைவரை மேலிருந்து மெல்ல நடந்து வரச் சொன்னார். பையைத் தூக்கியபோது அது லேசாகத் துடித்தது.

விரல் நீளக் குஞ்சுகள். பதினேழு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஐந்து பட்டைகள், பென்சிலால் போட்டதுபோல.

அவர் ஒவ்வொன்றையும் ஈரக் கையில் எடுத்துப் பழக்க தோஷத்தில் வாலைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். ஒன்றிலும் வெட்டு இல்லை. மதகுக்காரர் தாளமாட்டாமல், "என்னம்மா, எல்லாம் நம்ம மீன்தானா?" என்று கேட்டார்.

"இல்ல. இதுங்க என்கிட்ட வந்ததே இல்ல," என்றார் தொட்டியம்மா.

டிரைவர் லாரியைக் கொண்டுவரட்டுமா என்று வாயெடுத்து, எதற்கு என்று தானே யோசித்து நிறுத்திக்கொண்டார். தொட்டியம்மா பையின் வாயைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்தார். ஒவ்வொன்றாக வெளியே போயின. எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கரையேறி, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி, "பதினேழுதான். பெருசா எதுவும் எழுதிடாதீங்க. அடுத்த வருஷமும் வாய்க்கால்ல ஒன்னும் இல்லைன்னா கைதட்டாம இங்க வந்து பாருங்க," என்றார். அலுவலகம் திரும்பியதும் சிலேட்டில் அவர் கையாலேயே பூஜ்யம் எழுதினார்.

அம்மையீர்! சபை அறிய இனித் தங்களிடமே பேசுகிறோம். மடல் முடிகிறது, எழுந்து போகவேண்டாம். தவறைத் தாமே கண்டு, தாமே சொல்லி, தாமே சுமந்து, தளராமல் திருத்திய தங்களோடு பணி செய்தோம் என்பது எங்கள் பெருமை. தங்கள் முழங்கால் வீக்கம் வற்றுக. தங்கள் துணைவர் கடைத் துணிகளில் இனி சோப்பு வாடை மட்டும் வீசுக. உடலில் நலமும் உறக்கத்தில் அமைதியும் ஓய்வில் உவகையும் ஓங்கி, பல்லாண்டு தாங்கள் இனிது வாழ்க. அந்த ஆற்றில், தங்களைப் பார்த்தேயிராத, தங்கள் கைபடத் தேவையேயில்லாத மீன்கள் ஆயிரமாயிரமாய்ப் பிறந்து, தாங்கள் யாரென்றே தெரியாமல் பெருகுக!

இங்ஙனம்,
தங்கள் அன்பை மறவாத
மீன் மீட்புப் பிரிவின் களப்பணியாளர் நால்வர், தொட்டி லாரி டிரைவர், பிரிவு மேற்பார்வையாளர், எழுத்தர்கள் இருவர்;
பிரிவில் இல்லாவிட்டாலும் கையெழுத்துப் போட்டே தீருவேன் என்று நின்ற மதகுக்காரர்.